ஒட்டிய சோதனைத் துண்டுகளுக்கு ஃபிக்ஸர்: அழுத்தம் பசை வழியாகப் போகக் கூடாது

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் இருக்கிறீர்கள், மெக்கானிக்கல் இறுதியாண்டு. 1.6 மி.மீ. அலுமினியத் தகட்டை 25 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம் என்று வெட்டி, இரண்டு துண்டுகளின் முனைகளை 12.5 மி.மீ. அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸிப் பசையால் ஒட்டி, இழுத்துப் பார்க்கிறீர்கள். பைண்டர் க்ளிப் மாட்டிக் காயவைத்தால் துண்டுகள் கோணிக்கொள்கின்றன, க்ளிப்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது, ஒரே கலவையில் செய்த ஐந்து துண்டுகளில் ஒன்று இன்னொன்றின் பாதிப் பலத்தைத்தான் காட்டுகிறது. ஐந்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கிற மாதிரி ஃபிக்ஸர் (துண்டுகளை இடம் மாறாமல் பிடித்துவைக்கும் அமைப்பு) எப்படி வடிவமைப்பது, எவ்வளவு அழுத்தம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழுத்தம் பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முழு வடிவமைப்பும் அதில்தான் இருக்கிறது. அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிப் பசைக்கு அழுத்தமே பெரிதாகத் தேவையில்லை. தகடு இரண்டையும் பசை முழுக்கத் தொட்டுக்கொண்டு, இறுகும்வரை அசையாமல் இருந்தால் போதும். உங்கள் ஃபிக்ஸர் மூன்று அளவுகளைக் காப்பாற்ற வேண்டும்: ஓவர்லாப் நீளம் (துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் அந்த 12.5 மி.மீ.), பசையின் தடிமன், இரண்டு துண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பது. க்ளிப் இந்த மூன்றில் எதையும் காப்பாற்றாது. அது நடுவில் ஒரு கோட்டில் அமுக்கி, பசையைப் பக்கவாட்டில் பிதுக்கி வெளியேற்றுகிறது. ஒரு துண்டில் 0.05 மி.மீ. பசை மிஞ்சும், அடுத்ததில் 0.3 மி.மீ. நிற்கும். பிறகு முடிவுகள் எப்படி ஒத்துப்போகும்?

ஆகவே என் யோசனை இதுதான். க்ளாம்பின் விசை பசை வழியாகப் போகவே கூடாது. தகட்டின் வழியாக அடிப்பலகைக்கு நேராக இறங்கிவிட வேண்டும். பசை இருக்கும் இடத்தில் தகடு இரண்டும் குறித்த இடைவெளியோடு சும்மா எதிரெதிரே நிற்கட்டும்.

அதைச் செய்வது சுலபம். ஒரு தட்டையான அடிப்பலகை. இடது பாதியில் கீழ்த்துண்டு பலகைமேல் நேராகப் படுக்கிறது. வலது பாதியில் மேல்துண்டு ஒரு படியின்மேல் படுக்கிறது. படியின் உயரம், தகட்டின் தடிமனும் நீங்கள் விரும்பும் பசைத் தடிமனும் சேர்ந்தது. 0.2 மி.மீ. பசை வேண்டுமானால் 1.6 + 0.2 = 1.8 மி.மீ. ஆனால் அந்த 1.8-ஐ மில்லிங்கில் கடைந்து எடுக்கச் சொல்லாதீர்கள். 1.6 என்று விற்கும் தகடு அளந்தால் 1.55 இருக்கும், அடுத்த ஷீட்டில் 1.63 இருக்கும். நிரந்தரமாகக் கடைந்த படி ஒவ்வொரு ஷீட்டுக்கும் வேறு பசைத் தடிமனைத் தரும். அதற்குப் பதில், துண்டுகள் வெட்டிய அதே ஷீட்டின் மிச்சத் துண்டையே படியாக வையுங்கள். அதன்மேல் 0.2 மி.மீ. ஷிம் ஷீட் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு). தகடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அது தானாகவே கழிந்துவிடும், பசைத் தடிமன் ஷிம்மின் தடிமனாகவே நிற்கும். வேறு தடிமன் வேண்டுமானால் ஷிம்மை மட்டும் மாற்றினால் போதும்.

அந்தப் படி, பசை இருக்கும் இடத்துக்கு மிக அருகில் தொடங்க வேண்டும். கீழ்த்துண்டின் முனையிலிருந்து 5 மி.மீ. தள்ளித் தொடங்கினால் சரியாக இருக்கும். படியைக் கடைசி முனையில் மட்டும் வைத்து நடுவில் எடை ஏற்றினால் மேல்துண்டு சாய்ந்து, பசை ஆப்பு மாதிரி ஒருபக்கம் மெலிந்து ஒருபக்கம் தடித்து நிற்கும். 5 மி.மீ. தள்ளி வைத்தால் மேல்துண்டு 17.5 மி.மீ. மட்டுமே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். 1.6 மி.மீ. அலுமினியத்துக்கு அந்த நீளத்தில் நல்ல விறைப்பு உண்டு. முனையில் 200 கிராம் எடை வைத்தாலும் சில மைக்ரான்தான் தாழும். கணக்குப் போட்டுப் பாருங்கள், கான்டிலீவர் (ஒரு முனையில் மட்டும் பிடித்த சட்டம்) சூத்திரம்தான். பசை கொழகொழவென்று கெட்டியாக இருந்து தகட்டை மேலே தள்ளினால் அந்த 200 கிராம் எடையே அதை அடக்கப் போதும். எபாக்ஸி இறுகும்போது சில சதவீதம் சுருங்கும். 0.2 மி.மீ.-இல் அது சில மைக்ரான், தகடு அந்த அளவுக்கு வளைந்து கொடுத்துவிடும்.

இனி இடம் குறிப்பது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கவாட்டில் இரண்டு டோவல் பின் (துண்டு முட்டி நிற்கும் உருண்டைக் குச்சி), முனையில் ஒன்று. மூன்று புள்ளி போதும். இரண்டு பக்கமும் பின் அடித்துத் துண்டை நடுவில் சிறைவைத்தால், அகலத்தில் இருக்கும் சின்ன வித்தியாசத்துக்கே துண்டு உள்ளே போகாது, அல்லது இறுகிய பிறகு வெளியே வராது. 6 மி.மீ. பின், துளையை எச்7 ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போட்டு முடித்தது, பசை விளிம்பிலிருந்து குறைந்தது 20 மி.மீ. தள்ளி. மேல்துண்டுக்கும் கீழ்த்துண்டுக்கும் பக்கவாட்டுப் பின்கள் எல்லாம் ஒரே கோட்டில், ஒரே செட்டிங்கில் துளைக்கப்பட வேண்டும். பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டித் துளைத்தால் நேர்கோடு போய்விடும். இதைப் பட்டறையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் வசதிப்படிதான் செய்வார்கள்.

முனைப் பின்களுக்கு இடையே உள்ள தூரம் 100 + 100 - 12.5 = 187.5 மி.மீ. இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஓவர்லாப் என்பது இரண்டு துண்டுகளின் நீளத்தையும் கூட்டி 187.5-ஐக் கழித்தால் வருவது. ஒவ்வொரு துண்டும் 0.3 மி.மீ. குட்டையாக வெட்டப்பட்டிருந்தால் ஓவர்லாப் 11.9 ஆகிவிடும். பரப்பில் கிட்டத்தட்ட 5 சதவீதம் போய்விட்டது. ஆகவே எல்லாத் துண்டுகளையும் ஒரே ஸ்டாப் வைத்து ஒரே மூச்சில் வெட்டுங்கள், வெர்னியரில் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஒரு பக்க முனைப் பின்களை மட்டும் நீள்துளை உள்ள ஒரு பட்டையில் வைத்து நகர்த்திப் பூட்டும்படி செய்யுங்கள். தொகுதிக்கு ஒருமுறை சரிசெய்தால் போதும்.

வெட்டுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷியரிங் மெஷினில் வெட்டிய ஒல்லியான துண்டு லேசாக முறுக்கிக்கொள்ளும், ஓரத்தில் பிசிறு நிற்கும். 0.1 மி.மீ. பிசிறு என்றால் உங்கள் பசை இடைவெளியில் பாதியை அதுவே சாப்பிட்டுவிடும். அரம் போட்டு எடுத்துவிட்டு, ஒவ்வொரு துண்டையும் ஒரு தடித்த கண்ணாடிமேல் வைத்துத் தட்டிப் பாருங்கள். ஆடுகிற துண்டைத் தனியே வைத்துவிடுங்கள். எந்த ஃபிக்ஸரும் முறுக்கிய தகட்டை நேராக்காது. அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், கழற்றிய நொடியில் தகடு பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், அந்த இழுப்பு முழுக்க உங்கள் பசைமேல் விழும்.

க்ளாம்புக்கு இரண்டு பட்டைகள். ஒன்று கீழ்த்துண்டுகளின்மேல் குறுக்கே, இன்னொன்று படிக்கு நேர் மேலே மேல்துண்டுகளின்மேல் குறுக்கே. பட்டையின் இரண்டு முனையிலும் போல்ட் போட்டு முறுக்கினால் நடுப்பகுதி லேசாக மேலே வளைந்து, மூன்றாவது துண்டு தளர்வாகவே இருக்கும். ஐந்தில் நடுத்துண்டு மட்டும் எப்போதும் வித்தியாசமாக வருகிறது என்றால் அநேகமாகக் காரணம் இதுதான். பட்டையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எம்6 ஸ்க்ரூ, அதன் கீழே ஒரு சின்ன ஸ்பிரிங், அதற்கடியில் ஒரு தட்டை அட்டை என்று வைத்தால் ஐந்துக்கும் தனித்தனியாக ஒரே அளவு பிடி கிடைக்கும். டாகிள் க்ளாம்ப் (கைப்பிடியை மடக்கிப் பூட்டும் வகை) பத்து வாங்குவதைவிட இது மலிவு, ஓவனுக்குள் (சூட்டடுப்பு) வைக்கவும் தோது.

பலகையின் அளவு: 25 மி.மீ. துண்டுகள் ஐந்து, நடுவே 10 மி.மீ. சந்து, ஓரங்களில் இடம் என்று கூட்டினால் அகலம் 200, நீளம் 260 மி.மீ. போதும். 12 மி.மீ. தடிமன் அலுமினியப் பலகை எடுத்தால் எடை 1.7 கிலோ வரும்.

ஏன் அலுமினியம், இரும்புப் பலகை கையில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அறை வெப்பத்திலேயே காயவைப்பதாக இருந்தால் இரும்பு தாராளமாகப் போதும். ஓவனில் 80 டிகிரியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 23 மைக்ரான் நீளும், இரும்பு 12. 30 டிகிரியிலிருந்து 80-க்குப் போகும்போது 187.5 மி.மீ. நீளத்தில் இரண்டுக்கும் 0.1 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். சூடேறும்போது பசை இன்னும் இளகியிருக்கும், ஒன்றும் ஆகாது. இறுகிய பிறகு ஆறும்போதுதான் வம்பு. அலுமினியத் துண்டுகள் அதிகமாகச் சுருங்கப் பார்க்கும், இரும்புப் பலகையும் க்ளாம்பும் விடாது. வழுக்காமல் கெட்டியாகப் பிடித்திருந்தால் ஒவ்வொரு இணைப்பின்மேலும் 1500 நியூட்டன் வரை இழுவிசை ஏறலாம். சோதனை இயந்திரத்துக்குப் போகும் முன்பே துண்டு ஒரு சோதனையைத் தாண்டி வந்திருக்கும்! பலகை அலுமினியமாக இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இரும்புதான் கிடைத்தது என்றால், பசை கெட்டியானதும், ஆறத் தொடங்கும் முன்பே ஒரு பக்க க்ளாம்பைத் தளர்த்திவிடுங்கள்.

ஓவன் விஷயத்தில் இன்னொன்று. ஓவனின் டயல் 80 காட்டுவதும் பசை 80-இல் இருப்பதும் ஒன்றல்ல. பலகையின் எடை சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். ஒரு உதவாத துண்டில் தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) ஒட்டி ஃபிக்ஸரோடு சேர்த்து உள்ளே வையுங்கள். அது 80-ஐத் தொட்ட பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். சூடேறும்போது எபாக்ஸி முதலில் தண்ணீர் மாதிரி இளகும். க்ளிப் போட்ட துண்டுகள் கோணிக்கொள்வது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். பின்கள் அதற்காகத்தான்.

க்ளிப் ஒட்டிக்கொள்கிற பிரச்சினைக்கு வருவோம். பிதுங்கும் பசை எங்கே போகும் என்பதை நீங்களே முன்கூட்டித் தீர்மானித்துவிட வேண்டும். கீழ்த்துண்டின் முனைக்கு அடியில் 8 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு காடி (நீளப் பள்ளம்) ஓட்டுங்கள். துண்டின் முனை அந்தக் காடிமேல் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். பக்கவாட்டிலும் அப்படித்தான்: ஓவர்லாப் வரும் இடத்தில் துண்டைத் தாங்கும் மேடை 20 மி.மீ. அகலம் மட்டும் இருந்தால், இருபுறமும் 2.5 மி.மீ. வெளியே நிற்கும். வழிகிற பசை பலகையைத் தொடாமல் கீழே சொட்டும். இடைவெளி இருந்தால் ஒட்டாது, அவ்வளவுதான். மேலே பூசும் எந்த மருந்தைவிடவும் இது நம்பகமானது.

இருந்தாலும் பலகைக்கு ஒரு பூச்சு தேவை. காசிமேட்டில் ஃபைபர் படகு செய்கிறவர்கள் அச்சுக்குப் போடும் வாக்ஸ் பாலிஷ் போதும். மெல்லிசாகப் பூசி, காயவிட்டுத் துடைத்து, மறுபடி பூசுங்கள். அதை ஒட்டும் வேலை தொடங்கும் முந்தைய நாளே முடித்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, பிறகு துண்டுகளைத் தொடுங்கள். சிலிக்கான் ஸ்பிரேயை மட்டும் அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். காற்றில் மிதந்து சுத்தம் செய்த தகட்டின்மேல் படிந்துவிடும், பிறகு பசை அந்த இடத்தைப் பிடிக்காது. டெஃப்லான் டேப் ஒட்டலாம், ஆனால் அதற்கும் தடிமன் உண்டு. படியில் ஒட்டி பலகையில் ஒட்டாமல் விட்டால் உங்கள் 0.2 மி.மீ. கணக்கு கெட்டுப்போகும். இரண்டிலும் ஒட்டுங்கள், அல்லது இரண்டிலும் வேண்டாம்.

இவ்வளவு கடைசல் வேலைக்குக் காசில்லை என்றால் வேறு வழிகளும் உண்டு. பசையிலேயே 0.2 மி.மீ. கண்ணாடி மணிகளை எடையில் ஒரு சதவீதம் போலக் கலந்துவிடலாம். மணியே இடைவெளியைக் காப்பாற்றும், அப்போது மேலே லேசான எடை போதும். அல்லது ஓவர்லாப்பின் இரு ஓரத்திலும் 0.2 மி.மீ. கம்பி, இழுக்கும் திசைக்கு இணையாக. மணியும் கம்பியும் பசைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன என்பதால், பசையின் குணத்தையே அளக்கிற வேலைக்கு எனக்குப் படிதான் பிடிக்கும். இரண்டையும் ஒருசேரப் போடாதீர்கள். படி 0.2, மணி 0.22 என்று இருந்தால் இரண்டும் சண்டை போட்டு மேல்துண்டு சாயும்.

இன்னொரு வழி, அகலமான இரண்டு ஷீட்களை ஒட்டி, இறுகிய பிறகு ஐந்தாக அறுப்பது. இப்படி ஒட்டிய உலோகத் துண்டுகளை இழுத்துச் சோதிப்பதற்கான ஏ.எஸ்.டி.எம். டி1002 தரநிலையே இப்படிச் செய்வதைக் காட்டுகிறது. ஐந்தும் ஒரே நேர்கோட்டில், ஒரே தடிமனில் வரும், ஃபிக்ஸரும் எளிது. ஆனால் அறுக்கும்போது சூடும் அதிர்வும் பசையை வருத்தக் கூடாது. மெதுவாக, குளிர்வித்துக்கொண்டே அறுக்கும் ஆள் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். கையில் ஆங்கிள் கிரைண்டர்தான் இருக்கிறது என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கேட்டிருக்க வேண்டியது: தகடு எந்த வகை? கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மென்மையான அலுமினியம் என்றால் ஃபிக்ஸர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முடிவு கெடும். கணக்கு சொல்கிறேன். பசை 15 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல், அதாவது சதுர மி.மீ.-க்கு 15 நியூட்டன்) தாங்கும் என்று வையுங்கள். ஓவர்லாப் பரப்பு 312.5 சதுர மி.மீ., விசை சுமார் 4700 நியூட்டன். அந்த விசை 25-க்கு 1.6 மி.மீ. குறுக்குவெட்டில் 117 எம்.பி.ஏ. மென்மையான தகடு அதற்கு முன்பே இளகி நீளத் தொடங்கிவிடும். இணைப்பு வளையும், ஓரத்தில் பசை உரியும், நீங்கள் அளப்பது தகட்டின் பலவீனமாகிவிடும். தரநிலை 2024-டி3 மாதிரி கெட்டியான அலுமினியக் கலவையைச் சொல்வது இதனால்தான். அது கிடைக்காவிட்டால் இரும்புத் தகடு நல்ல மாற்று. ஆனால் எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கக் கடல்காற்றில், எமெரி போட்ட இரும்பை ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் துருவின் சாயல் தெரியும். தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, அன்றைக்கே, முடிந்தால் அந்த மணிநேரத்துக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த தகடு வெளியே வேர்க்கும், அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்த பசை டப்பாவையும் அப்படித்தான், சூடு சமமாகும் முன் திறந்தால் ஈரம் உள்ளே இறங்கும்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பத்து டிகிரி கூடினால் கலந்த பசையின் ஆயுள், அதாவது இறுகும் முன் பூச முடிகிற நேரம், கிட்டத்தட்டப் பாதியாகும். டப்பாமேல் போட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 23 அல்லது 25 டிகிரிக்கானது. மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே 35 டிகிரியில் கலந்தால் பாதி நேரம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து துண்டுக்குச் சில கிராம் போதும், நிறையக் கலந்து ஒரே கிண்ணத்தில் வைத்தால் அது தன் சூட்டிலேயே இறுகும். முதல் துண்டுக்கும் ஐந்தாம் துண்டுக்கும் நடுவே பத்து நிமிடம் ஓடினால் அதுவே ஒரு வித்தியாசம். ஆகவே துண்டுகளைப் பசையில்லாமல் எல்லாம் அடுக்கிப் பழகிய பிறகே கலக்க வேண்டும்.

பொருள் வாங்க வெகுதூரம் போக வேண்டாம். போல்ட், பின், ரீமர், ஷிம் எல்லாம் பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் விசாரியுங்கள். அசிட்டோன் போன்றவை நைனியப்ப நாயக்கன் தெருவில். பலகையைக் கடைய வியாசர்பாடி, திருவொற்றியூர் சின்னப் பட்டறைகளே போதும், வரைபடத்தில் எந்த அளவு முக்கியம் என்று வட்டம் போட்டுக் கொடுங்கள். முக்கியமானவை இவைதான்: பலகையின் சமதளம், பக்கவாட்டுப் பின்களின் நேர்கோடு. மற்றவற்றில் கால் மி.மீ. முன்பின் ஆனாலும் பரவாயில்லை. எல்லா அளவுக்கும் நுணுக்கம் கேட்டால் செலவு ஏறும், அவர்களும் எதையும் நம்ப மாட்டார்கள்.

ஃபிக்ஸர் வந்ததும் உடனே ஒட்டத் தொடங்காதீர்கள். முதலில் பசையில்லாமல் ஐந்தையும் பூட்டி, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய இலைகள்) விட்டுப் பாருங்கள். 0.2 இலை உள்ளே போக வேண்டும், 0.25 போகக் கூடாது, நான்கு மூலையிலும். அது சரியானால் அடுத்து ஒரு சோதனை: ஓவர்லாப்பில் மேலும் கீழும் மெல்லிய, ஒட்டாத பிளாஸ்டிக் தாள் வைத்து, நடுவில் உண்மையான பசையை விட்டு, உண்மையான முறைப்படியே இறுக்கிக் காயவையுங்கள். கழற்றினால் பசை மட்டும் ஒரு சின்ன வில்லையாகக் கையில் வரும். அதை மைக்ரோமீட்டரில் மூலைக்கு மூலை அளங்கள். தாள்கள் பிடித்த இடம் போக மிஞ்சுவதுதான் வில்லையின் தடிமன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பக்கம் மெலிந்திருந்தால் படியைப் பாருங்கள், நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் பசை வைத்த விதத்தைப் பாருங்கள். பசையை நடுவில் மேடாக வைத்து, மேல்துண்டை ஒரு விளிம்பிலிருந்து கதவு மூடுவதுபோல இறக்கினால் காற்று ஓரமாக வெளியேறும். இந்த ஒரு வில்லை, பத்துத் துண்டுகளை இழுத்துப் பார்த்துக் குழம்புவதைவிட அதிகம் சொல்லும்.

ஓரத்தில் பிதுங்கிய பசையை என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அந்தக் கரை இருந்தால் ஓரத்து அழுத்தம் பரவி பலம் கூடிக் காட்டும். ஈரமாக இருக்கும்போதே மரக்குச்சியால் வழித்துவிடலாம், அல்லது அப்படியே விடலாம். எதுவானாலும் எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரி. இறுகிய பிறகு உளி வைத்துச் செதுக்குவது மட்டும் கூடாது.

கழற்றும்போது மேல்பக்க ஸ்க்ரூக்களை முதலில், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். துண்டின் அடியில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள். காடிக்குள் விரல் விட்டுத் தூக்கினால் வர வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஃபிக்ஸரில் எந்த இடத்தில் இருந்தது என்று 1 முதல் 5 வரை எழுதிவிடுங்கள். நான்கைந்து தொகுதி முடிந்ததும் இடவாரியாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றாம் இடம் மட்டும் எப்போதும் தாழ்கிறது என்றால் குறை பசையில் இல்லை, பட்டையில். இழுக்கும்போது இயந்திரத்தின் பிடிக்குள், ஒவ்வொரு முனையிலும் அதே ஷீட்டிலிருந்து ஒரு துண்டை ஒட்டுக்கட்டையாக வையுங்கள், அப்போதுதான் இழுவிசை பசையின் நடுவழியே போகும். முறிந்த பிறகு ஓவர்லாப்பின் நீள அகலத்தை அளந்து, பசை ஒரு தகட்டிலிருந்து முழுதாக உரிந்ததா, இரண்டிலும் பாதிப்பாதி நிற்கிறதா என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். முழுதாக உரிந்திருந்தால் ஃபிக்ஸரைத் தொடாதீர்கள், தகட்டைச் சுத்தம் செய்த விதத்துக்குத் திரும்பிப் போங்கள்.